சாம்பல் கோட்டுக்காரர்களும் என் டெக்கும்

வாடகைக்கு டெக் விடுகிறவன் மின்சாரத்துக்கும் பயப்பட வேண்டும், கல்யாண வீட்டு மாமன்மார்களுக்கும் பயப்பட வேண்டும். நான் கூடுதலாக வேற்றுக் கிரகத்துக்காரர்களுக்கும் பயந்து பிழைத்தவன்.

பந்தல் சாமான், மைக் செட், வாடகை சைக்கிள் என்று எதையாவது அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டு, அது முழுசாகத் திரும்பி வருமா என்று வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அன்பர்களே, என் கஷ்டம் உங்களுக்குத்தான் புரியும். எண்பதுகளின் பின்பாதியில் ஏற்காடு பஜாரில் எனக்கு ஒரு சின்னக் கடை இருந்தது. ஓமலூரிலிருந்து மலையேறி வந்தவன் நான். ஒரு வீடியோ டெக், இருபது அங்குலக் கறுப்பு வெள்ளை டிவி, ஒரு ஸ்டெபிலைசர், ஒரு மைக். இவ்வளவுதான் சொத்து. பெயர் என்னவாக இருந்தாலும் மலை முழுக்க எனக்கு டெக் பாய் என்றுதான் பெயர்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் எங்களுக்கு வியாபாரம். எஸ்டேட்டுக்காரர்களுக்கு அன்று லீவு. ஜீப்பில் சாமானை ஏற்றிக்கொண்டு போவேன். காபிக் கொட்டை மூட்டை அடுக்கும் குடோனில் ஜன்னல்களுக்கெல்லாம் சாக்குப் பை தொங்கவிட்டு இருட்டாக்கிப் படம் போடுவேன். டிவியை மூட்டைமேல் தூக்கி வைத்து, அது சாயாமல் இருக்கப் பக்கத்தில் ஒரு ஆளை நிற்க வைப்பேன். அந்த ஆள் படம் பார்க்க முடியாது. அதனால் பாதிப் படத்தில் ஆளை மாற்றுவோம். இதெல்லாம் தொழில் நுணுக்கம்.

பெட்டியோடு வந்த படங்கள்

ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த வெள்ளைக்காரத் தம்பதி ஊரைக் காலி செய்துகொண்டு போனார்கள். கட்டில், பீரோ, பூந்தொட்டி எல்லாவற்றையும் விற்றார்கள். நான் ஆசைப்பட்டது அவர்களுடைய ஸ்டெபிலைசருக்கு. அதைத் தனியாகத் தர மாட்டேன், இந்த அட்டைப் பெட்டியையும் சேர்த்து எடுத்துக்கொள் என்றார்கள். பெட்டியில் பதினோரு கேசட்டும், கீழே ஏதோ விளையாட்டுச் சாமானும் இருந்தன.

வீட்டுக்குக் கொண்டு வந்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். மூன்று கேசட்டில் சமையல். இரண்டில் குதிரைப் பந்தயம். ஒன்றில் யாரோ வீட்டுக் கல்யாணம். மற்றொன்றில் ஒன்றுமே இல்லை, ஒரு மணி நேரம் மழை பெய்கிற மாதிரி புள்ளிகள் மட்டும். மீதி நாலும் ஒரே வரிசைப் படங்கள். ஒரு பெரிய பட்டணம். அங்கே ஒரு சலவைக் கடைக்கு அடியில் ஒரு ரகசிய ஆபீஸ். சாம்பல் நிறக் கோட்டுப் போட்டவர்கள் கையில் பெரிய ரெஜிஸ்டரோடு வீடு வீடாகப் போகிறார்கள். வேறு கிரகத்திலிருந்து வந்து மனிதர் மாதிரி குடியிருப்பவர்களைக் கண்டுபிடித்துக் கணக்கில் வைப்பதும், கணக்கில் வராதவர்களைத் திருப்பி அனுப்புவதும் அவர்கள் வேலை. அவர்களுக்குத் துணையாக, ஆகாயத்தில் பறக்கிற ஒரு பலசாலி.

இந்த அளவு கதை புரியவே எனக்கு மூன்று தடவை பார்க்க வேண்டியிருந்தது. எட்டாம் வகுப்பு இங்கிலீஷ் அதற்குமேல் ஓடாது. இதை எங்கே கொண்டுபோய்ப் போடுவது, யாருக்குப் புரியும் என்று வீட்டுக்காரியிடம் அலுத்துக்கொண்டேன். அவள் வெங்காயம் உரித்தபடியே சொன்னாள்:

"புரியாத பாஷைன்னா ஒரு சௌகரியமுங்க. நீங்க சொல்றதுதான் கதை."

செருப்போடு வந்தவர்கள்

அப்படித்தான் நான் மைக்கைப் பிடித்தேன். வாழவந்திக்கு அப்பால் ஒரு காபி எஸ்டேட், பெயர் வேண்டாம். படம் ஓட ஓடப் பக்கத்தில் நின்று தமிழில் கதை சொல்வதாக ஏற்பாடு. முன்வரிசையில் மாரியாயி உட்கார்ந்திருந்தார். காபிப் பழம் பறிக்கிற பெண்களில் அவர்தான் மூத்தவர். வாயும் அவருக்குத்தான் மூத்த வாய். பின்னால், தராசுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு ரைட்டர் ரத்தினம். எஸ்டேட்டில் ஆள் பேர் எழுதுகிற செக்ரோல் அவர் கையில். ஒல்லியான மனிதர். சிரித்து நான் பார்த்ததில்லை.

படத்தில் ஒரு குடும்பம். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள். அவர்கள்தான் வேற்றுக் கிரகத்துக்காரர்கள். கேசட் அட்டையில் கலரில் போட்டிருந்தபடி அவர்கள் தோல் பச்சை நிறம், அதை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். வெளியே போகும்போது பவுடர் பூசி மறைப்பார்கள், வீட்டுக்குள் வந்தால் துடைத்துவிடுவார்கள். என் டிவியோ கறுப்பு வெள்ளை. பச்சையும் சாம்பலும் அதற்கு ஒன்றுதான். அந்தக் குடும்பம் வீட்டுக்குள் நுழைகிறது, வாசலில் செருப்பைக் கழற்றி வைக்கிறது, சாப்பிட உட்காருகிறது. அப்போது சாம்பல் கோட்டுக்காரர்கள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வருகிறார்கள். பூட்ஸ் காலோடு வருகிறார்கள். அந்த அம்மா கொடுத்த காபியை வாங்கித் தொடாமலே கீழே வைக்கிறார்கள்.

நான் மைக்கில், இதோ பாருங்கள், இந்தக் குடும்பம்தான் வேறு கிரகத்திலிருந்து வந்தது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் குடோனே முடிவு கட்டிவிட்டது. கோட்டுக்காரர்கள்தான் வேற்றுக் கிரகம் என்று. இல்லை இல்லை, அவர்கள் கவர்மென்ட் ஆட்கள் என்று நான் திருத்தப் பார்த்தேன். மாரியாயி திரும்பி என்னைப் பார்த்த பார்வையில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"மனுசப் பொறப்பா இருந்தா ஊட்டுக்குள்ள செருப்போட வருவானுங்களா, குடுத்த காபியத் தொடாம வெப்பானுங்களா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க பாய்."

பறக்கிறவர் யார் பக்கம்

கூட்டத்தோடு சண்டை போட்டுக் கதை சொல்ல முடியாது. சரி, கோட்டுக்காரர்கள்தான் வேறு கிரகம், அந்தக் குடும்பம் நம்மைப் போல மனிதர்கள் என்று மாற்றிச் சொல்லிவிட்டேன். ஆழம் தெரியாமல் காலை விட்டது அங்கேதான். ஏனென்றால் அடுத்த காட்சியில் பறக்கிற பலசாலி வருகிறார். அழகான ஆள். பெண்கள், பிள்ளைகள் எல்லோருக்கும் பார்த்ததுமே பிடித்துவிட்டது. அவரோ நேராகப் போய்க் கோட்டுக்காரர்களோடு கைகுலுக்குகிறார்.

குடோனில் ஒரு முனகல் கிளம்பியது. இவ்வளவு நல்ல பையன் ஏன் அவர்களோடு சேர்ந்தான் என்று கேள்வி. நான் யோசிக்காமல், அவர் வேண்டுமென்றே அந்த ஆபீசில் சேர்ந்திருக்கிறார், உள்ளே இருந்துகொண்டே எல்லோரையும் காப்பாற்றுவார் என்று சொன்னேன். முனகல் நின்றது. அன்று தப்பித்தேன். ஆனால் அடுத்த ஞாயிறு இரண்டாவது கேசட்டில், அதே பறக்கிறவர் ஒரு குடும்பத்தையே தூக்கி வேனில் ஏற்றுகிறார். பிள்ளைக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார் என்றேன். கொஞ்ச நேரத்தில் இன்னொருவர் கையைக் கட்டுகிறார். நாடி பார்க்கிறார் என்றேன்.

படம் முடிந்து வெளியே மூடுபனியில் நின்று பீடி பற்றவைத்த செடிக்கு மருந்தடிக்கிற ஒரு தொழிலாளி, ரொம்ப நேரம் யோசித்துவிட்டு என்னிடம் வந்தார். அவர் கேட்டது இன்றும் என் காதில் நிற்கிறது:

"ஏனுங்க பாய், அந்தத் தம்பி பறக்கறது சரி, இவ்ளோ வைத்தியம் எங்கீங்க படிச்சாரு?"

மாரமங்கலத்து மனு

இதே கேசட்டை மாரமங்கலத்தில் ஒரு காதுகுத்துக்குப் போட்டேன். அங்கே வேறு ரகக் கூட்டம். மிளகும் காபியும் சொந்தமாக வைத்திருந்த ஒரு பெரியவருக்கு அந்த ஆபீஸ் ரொம்பப் பிடித்துவிட்டது. ஒரு பட்டணத்தில் எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று முழுக்கத் தெரிந்து வைத்திருக்கிறார்களே, இதல்லவா ஆபீஸ் என்றார். நம் ஊருக்குப் பஸ் வருகிற ரோடு குழியாகக் கிடப்பது மலைக்குக் கீழே இருக்கிற அதிகாரிகளுக்குத் தெரியவே இல்லை, இவர்களிடம் சொன்னால் நடக்கும் என்பது அவர் எண்ணம்.

அது ரகசிய ஆபீஸ், சலவைக் கடைக்கு அடியில் இருக்கிறது, போர்டுகூடக் கிடையாது என்று விளக்கினேன். அவர் முகம் வாடிவிட்டது. எனக்கே பாவமாக இருந்தது. இலையில் உட்கார்ந்து சாப்பிடும்போதும் அதையே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார் போல. ரசத்துக்கு வந்தபோது கேட்டார்:

"ஆபீசே ரகசியம்னா, மனுவை யாருகிட்டக் குடுக்கறதுங்க?"

ஏழாம் நம்பர் வீடு

இனிச் சொல்லப்போவது சிரிக்கிற விஷயமில்லை. வாழவந்திப் பக்கத்து எஸ்டேட்டில் தொழிலாளர் குடியிருக்கும் லைனில் ஏழாம் நம்பர் வீட்டில் பாக்கியம் என்று ஒரு பெண்மணி இருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். சிலோனில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, அண்ணன் குடும்பத்தோடு கப்பலேறி இந்தப் பக்கம் வந்தவர். அண்ணனுக்குக் காகிதம் எல்லாம் சரியாக இருந்தது. செக்ரோலில் பேர் ஏறியது. பாக்கியத்தின் காகிதங்கள் இருந்த பை ரயிலில் தொலைந்துபோனது. காகிதம் இல்லாததால் பேர் ஏறவில்லை. பேர் ஏறாதவர் லைனில் குடியிருக்கக் கூடாது. சீசனில் பழம் பறிக்கக் கூப்பிடுவார்கள், மற்ற நாளில் அவர் அங்கே இல்லாத மாதிரி இருந்துகொள்ள வேண்டும்.

வருஷத்துக்கு இரண்டு தடவை ரைட்டர் ரத்தினம் நோட்டோடு லைனுக்கு வந்து ஆள் எண்ணுவார். அந்த நேரத்தில் பாக்கியம் விறகுக்குப் போய்விடுவார். ரைட்டருக்கும் அது தெரியும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் புதிதாக வந்த மேனேஜர் கெடுபிடிக்காரர். சீசன் முடிந்ததும் பேர் இல்லாதவர்கள் யார் யார் என்று பட்டியல் வேண்டும், எல்லோரையும் கீழே அனுப்ப வேண்டும் என்று சொல்லிவிட்டார். கீழே என்றால் எங்கே என்று அவர் சொல்லவில்லை. பாக்கியத்துக்கும் தெரியாது.

இதை நான் டிவிக்கு உறை போட்டுக்கொண்டிருந்தபோது மாரியாயி சொன்னார். அப்போதுதான் எனக்குப் பளிச்சென்றது. நான் இரண்டு வாரமாக இந்தக் கூட்டத்துக்கு என்ன படம் போட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதே அதுவரை எனக்குத் தெரியவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. வேண்டுமானால் இந்தப் படத்தை நிறுத்திவிடுகிறேன், வேறு தமிழ்ப் படம் கொண்டுவருகிறேன் என்றேன். மாரியாயி தலையை ஆட்டினார்.

"அதெல்லாம் வேண்டாமுங்க. அந்தத் தம்பி எல்லாத்தையும் காப்பாத்துதுன்னு சொன்னீங்கல்ல, பாக்கியம் அதுக்குன்னே வந்து உக்காருது."

பல முகத் தாயக்கட்டை

மூன்றாவது கேசட்டோடு போன அன்று மழை. கரண்ட் போய்விட்டது. குடோனுக்குள் அறுபது பேர். சும்மா உட்கார்ந்திருந்தால் என் டெக்கின் மானம் போய்விடும். அட்டைப் பெட்டியில் வந்த விளையாட்டுச் சாமான் ஜீப்பில் கிடந்தது ஞாபகம் வந்தது. ஜன்னல் சாக்கை விலக்கிவிட்டு எடுத்து விரித்தேன். பட்டணத்துப் படம் வரைந்த பலகை, கட்டுக் கட்டாகச் சீட்டுகள், பன்னிரண்டு பக்கமும் இருபது பக்கமும் உள்ள தாயக்கட்டைகள். எப்படி ஆடுவது என்று ஒரு சின்னப் புத்தகம், முழுக்க இங்கிலீஷ். படிக்கத் தெரிந்தவர் யாராவது உண்டா என்று கேட்டேன். பின்னாலிருந்து ரைட்டர் ரத்தினம் எழுந்து வந்து கையை நீட்டினார்.

புத்தகத்தைப் புரட்டி, தண்ணீர் குடிக்கிற மாதிரி சரளமாகப் படித்துத் தமிழில் சொன்னார். இந்த மனிதருக்கு இவ்வளவு இங்கிலீஷ் தெரியும் என்றால், இரண்டு வாரமாக நான் அளந்த கதை அவருக்குத் தெரிந்திருக்கிறது. நாடி பார்த்தது, ஆஸ்பத்திரி, எல்லாம். ஆனாலும் அவர் என்னைக் காட்டிக்கொடுக்காமல் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

ஆட்டம் இப்படி. எல்லோருக்கும் ஒரு சீட்டு. ஒருவருக்கு மட்டும் வேற்றுக் கிரகச் சீட்டு வரும். மற்றவர்கள் கோட்டுக்காரர்கள். தாயம் போட்டு நகர்ந்து, கேள்வி கேட்டு, அவரைக் கண்டுபிடித்துக் கொடுத்தால் ஜெயம். நம் ஆட்கள் ஆடிய அழகைப் பார்க்க வேண்டும். கோட்டுக்காரர் சீட்டு வந்தவர்கள் எல்லாம் முகத்தைச் சுளித்துக்கொண்டு அதைக் கவிழ்த்து வைத்தார்கள். வேற்றுக் கிரகச் சீட்டு யாரிடம் இருக்கிறது என்று இரண்டு சுற்றிலேயே எல்லோருக்கும் தெரிந்துபோனது. ஆனாலும் ஒருவர்கூடச் சொல்லவில்லை. விறகுக்குப் போயிருக்காங்க, காய்ச்சல்ல படுத்திருக்காங்க, ஊருக்குப் போயிட்டாங்க என்று ஆளாளுக்கு ஒரு சாக்கு. கடைசியில் வாய் தவறிச் சொல்லிவிட்ட ஒரு பையனைத் தோற்றவனாக்கி எழுப்பிவிட்டார்கள். ஆட்டமே தலைகீழாகிவிட்டது, புத்தகத்தில் இப்படி இல்லையே என்று நான் ரைட்டரிடம் கேட்டேன். அவர் புத்தகத்தை மூடி என்னிடம் கொடுத்தார்.

"இதை எழுதுனவன் லைனுல குடியிருந்திருக்க மாட்டானுங்க பாய்."

கலர் வந்த நாள்

மழையில் என் கறுப்பு வெள்ளை டிவி உள்ளே ஈரம் ஏறிப் படுத்துக்கொண்டது. மூன்றாவது கேசட்டைப் போட வேண்டிய கடமை பாக்கி. வேறு வழியில்லாமல் ஒரு லாட்ஜ் முதலாளியிடம் கெஞ்சிக் கூத்தாடிக் கலர் டிவி ஒன்றை வாடகைக்கு எடுத்தேன். வாடகைக்கு விடுகிறவன் வாடகைக்கு எடுக்கிற நிலை உங்களில் யாருக்கு வந்திருக்கிறதோ அவர்களுக்கு என் அனுதாபம்.

படத்தைப் போட்ட பிறகுதான் உறைத்தது. கலரில் எல்லாம் தெரிந்துவிடுமே. தெரிந்தது. நல்லவர்கள் என்று நான் இரண்டு கேசட்டிலும் சத்தியம் செய்த குடும்பம், பவுடரைத் துடைத்ததும் வாழை இலைப் பச்சையாக உட்கார்ந்திருந்தது. கோட்டுக்காரர்கள் நம்மைப் போலச் சாதாரணத் தோலோடு நின்றார்கள். பின்னால் ரைட்டர் இருமினார். இனி என் கதை கந்தல்தான் என்று மைக்கைக் கீழே வைத்தேன்.

யாரும் பதறவில்லை. பக்கத்தில் இருந்தவர்களிடம் கையைக் காட்டி ஏதோ பேசிக்கொண்டார்கள். மிளகு உருவும் பருவம் அது. நாள் முழுக்கக் கொடியிலிருந்து மிளகைத் திரட்டி உருவினால் விரலெல்லாம் பச்சையும் கறுப்புமாகக் கறை பிடித்துவிடும், வாரக்கணக்கில் போகாது. மாரியாயி தன் இரண்டு உள்ளங்கையையும் டிவி வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தார்.

"வேலைக்குப் போற குடும்பமுங்க. நம்ம கையுந்தான் அப்பிடி இருக்குது. நீங்க மேக்கொண்டு சொல்லுங்க."

நாலாவது கேசட்

நாலாவது கேசட்டை நான் வீட்டிலேயே பார்த்துவிட்டேன். கோட்டுக்காரர்களின் தலைவர், பறக்கிறவரோடு, ஒரு மாடி வீட்டுக்கு ஏறிப் போகிறார். அங்கே தனியாக ஒரு பெண்மணி. தலைவர் ரெஜிஸ்டரைத் திறந்து விரலை ஓட்டித் தேடுகிறார். அவள் பேர் அதில் இல்லை. அப்புறம் அவளைக் கூட்டிக்கொண்டுபோய் ஒரு கப்பலில் ஏற்றி ஆகாயத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். பறக்கிறவர் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். அவ்வளவுதான் படம்.

இதைக் கொண்டுபோகப் போவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். மூன்றாவது படத்தோடு கதை முடிந்தது என்றேன். மாரியாயி விடவில்லை. நாலு கேசட் என்று நானே முதல் நாள் பெருமை அடித்திருக்கிறேன். அதைக் கொண்டுபோன ஞாயிறு குடோனுக்குள் நுழையும்போதே காதில் விழுந்தது: பட்டியலை மறுநாள் திங்கட்கிழமை காலை மேனேஜர் மேஜையில் வைக்க வேண்டுமாம். பாக்கியத்தின் அண்ணன் மூட்டைமேல் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாக்கியம் வழக்கம்போல மாரியாயிக்குப் பக்கத்தில். ரைட்டர் தராசுக்குப் பக்கத்தில், சட்டைப் பையில் மடித்த காகிதத்தோடு.

முக்கால் படம் வரை ஏதேதோ சொல்லி ஓட்டினேன். மாடி வீட்டுக் காட்சி வந்தது. தலைவர் ரெஜிஸ்டரில் விரலை ஓட்டுகிறார். மேலிருந்து கீழே ஒரு பக்கம், அடுத்த பக்கம். அந்தப் பெண்மணி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். தலைவர் நிமிர்ந்து அவளிடம் நீளமாக ஏதோ பேசினார். நான் சொல்ல வேண்டிய இடம். ஆஸ்பத்திரிப் பொய் தீர்ந்துவிட்டது. நாடிப் பொய்யும் தீர்ந்துவிட்டது. மைக்கைப் பிடித்தபடி நின்றேன்.

என்ன சொல்றாருங்க என்று மாரியாயி கேட்டார். மறுபடியும் கேட்டார். அப்போது பின்னாலிருந்து ரைட்டர் ரத்தினத்தின் குரல். சத்தமாகப் பேசவில்லை, செக்ரோல் வாசிக்கிற குரல்தான்.

"பேரு விட்டுப் போச்சும்மா, எழுதிக்கலாம்னு சொல்றாருங்க."

அறுபது தலையும் பின்னால் திரும்பின. பாக்கியம் மட்டும் திரும்பவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மாரியாயி லேசில் விடுகிற ஆள் இல்லை. எப்போது எழுதுவாராம் என்று கேட்டார். ரைட்டர் சட்டைப் பையிலிருந்த காகிதத்தை எடுத்து, இரண்டாக நாலாக மடித்து உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டு, நாளைக்குக் காலையில என்று சொன்னார்.

நான் டெக்கை நிறுத்திவிட்டேன். திரை இருண்டது. படம் முடிந்தது என்றேன். அறுபது பேரில் ஒருவர்கூடப் பாதியில் நிற்கிறதே என்று கேட்கவில்லை. பாக்கியத்தின் அண்ணன் எழுந்து ரைட்டர் முன்னால் போய்க் கையைக் கூப்பினார். ரைட்டர் அவர் தோளைத் தட்டிவிட்டு வெளியே வந்து, என் ஜீப்பில் ஸ்டெபிலைசரைத் தூக்கி வைக்கக் கை கொடுத்தார். மேனேஜருக்குத் தெரிந்தால் வேலை போய்விடுமே என்று நான் பயந்து கேட்டேன். அவர் கையிலிருந்த பட்டியலைக் கிழித்துச் சரிவில் போட்டார்.

"இருவது வருசமா ஒரு பேருகூடத் தப்பா எழுதுனதில்லைங்க பாய். ஒண்ணு விட்டுப் போச்சுன்னு சொன்னா யாரும் நம்பாம இருக்க மாட்டாங்க."

கம்பளி

மேனேஜர் நம்பினாரா, நம்பின மாதிரி இருந்தாரா என்று எனக்குத் தெரியாது. ரைட்டரைக் கூப்பிட்டு ஒரு மணி நேரம் நிற்க வைத்துப் பேசினார் என்றும், ரைட்டர் எல்லாவற்றுக்கும் ஆமாங்க, என் தப்புதானுங்க என்றே பதில் சொன்னார் என்றும் கேள்விப்பட்டேன். அந்த வருஷம் அவருக்குக் கிடைக்க வேண்டிய ஹெட் ரைட்டர் வேலை மலைக்குக் கீழேயிருந்து வந்த ஆள் ஒருவருக்குப் போயிற்று.

இரண்டு மாதம் கழித்து அதே குடோனில் ஒரு தமிழ்ப் படம் போட்டேன். சாரல் அடிக்கிற நாள். பாக்கியம் தோளில் புதுக் கம்பளி போட்டுக்கொண்டு வந்தார். செக்ரோலில் பேர் உள்ளவர்களுக்கு மட்டும் எஸ்டேட்டில் கொடுக்கிற கம்பளி. மடிப்புக்கூடக் கலையவில்லை. படம் முடிந்து எல்லோரும் போன பிறகு என்னிடம் வந்து நின்றார். அதுவரை அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்றைக்கு நிறுத்திய படத்தின் மீதியைப் பார்க்க ஆசைப்படுகிறாரோ என்று நினைத்து, அந்தக் கேசட் சிக்கிப் பாழாகிவிட்டது என்று நானாகவே ஒரு பொய் சொன்னேன். அவர் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

"அந்தம்மாவ அனுப்பிட்டாங்கன்னு எனக்குத் தெரியும் பாய். நீங்க நிறுத்துறதுக்கு முந்தி அவங்க குனிஞ்சு பையை எடுத்தாங்க. அப்படிப் பையை எடுக்குறது எதுக்குன்னு எனக்கு ஒருத்தங்க சொல்லித் தெரிய வேண்டியதில்ல. ஆனா இந்த ஊருல ரைட்டரய்யா சொன்னதுதான் கதை, அது அப்படியே இருக்கட்டும்."

இந்தத் தொழிலில் இருந்த ஆறு வருஷத்தில் எத்தனையோ படத்தை முழுசாகப் போட்டு எத்தனையோ பேரிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். ஒரே ஒரு தடவை பாதியில் நிறுத்தினேன், அந்தப் படத்துக்கு மட்டும்தான் யாரும் குறை சொல்லவில்லை.